ஜெயத்தின் தோட்டமும் அணையின் உயரமும்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் பிறந்தது. ஆரணி நூலக மாடியில் மாலை எழுத்து வகுப்பு நடக்கிறது. நான் டைரியைத் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்பதால், "உனக்கு நடக்காத ஒன்றை எழுது" என்றார்கள். அன்றைய பேப்பரில் இரண்டு மாநில அதிகாரிகள் ஆற்று நீரைப் பங்கிடுவது பற்றிப் பேசும் படம். சரி, ஒரு அணை கட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

ஆறு என் கற்பனை. பக்கத்து மாநிலத்தில் பிறந்து எல்லை தாண்டி வருகிறது. படவேட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நிஜ வரைபடத்தில் தேட வேண்டாம்.

முதல் தொடக்கம்: "தாகத்தில் தவித்த பூமி அன்று..." (எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: "பொறியாளர் தனசேகரன் ஜெயத்தின் வாழைத்தோட்டத்துக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டான்." (இது இருக்கட்டும்.)

2

ஜெயம் மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா சார், கேக்காம கொள்ளாம கோடு போட்டுகினே போறீங்க?"

"அணை கட்டினா தண்ணி இதுவரைக்கும் நிக்கும்மா. இப்போதைக்கு பிளான்தான்."

"பிளானா? கோடு மட்டும் நெஜமா கீதே!"

"கீழ இருக்கிற ஊருங்கள்ல ரெண்டு போகம் விளையும்மா."

"நல்லா விளையட்டும். அதுக்கு என் வாழை இன்னா பாவம் பண்ணுச்சி? கெணறும் இதுக்குள்ளதான கீது?"

[இங்கே தனசேகரன் ஏதாவது சொல்ல வேண்டும். அவன் நல்லவனா, அல்லது வெறும்... தெரியவில்லை. இப்போதைக்குக் குனிந்து ஷூவிலிருந்த சேற்றைத் துடைக்கிறான்.]

3

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் உதயா படவேட்டுக்காரி. கதையோடு நான் வரைந்து வைத்திருந்த வரைபடத்தையும் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஏய் ரைட்டரு, எந்த ஊரு ஆத்துலடி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு கீது?"

பார்த்தேன். இரண்டு கரையும் அச்சு அசல் ஒன்று. பகலில் எனக்குப் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை.* ஆற்றின் இடது கரையை யோசித்து வரைந்த கை, வலது கரையை அப்படியே திருப்பிப் போட்டிருந்தது. ஜெயத்தின் தோட்டம் வலது பக்கம்.

"உன் மிஷின் பழக்கத்துக்கு ஜெயம் தோட்டம் முழுகணுமா? ஜல்தி மாத்துடி. இந்த பஸ்ஸ வுட்டா அப்புறம் எனக்கு பேஜாராயிடும்."

(* இரண்டு மயில் எதிரெதிரே நிற்கும் டிசைனில் நாங்கள் ஒரு மயிலைத்தான் வரைவோம். மற்றது அதன் நகல்.)

4

மாற்றினேன். வலது பக்கம் நிலம் சட்டென்று மேடேறியது. தோட்டம் தண்ணீருக்கு மேலே தப்பி நின்றது. கையில் பென்சிலோடு தனியாகச் சிரித்தேன். ஒரு பொறியாளருக்கு வாய்க்காத சுகம் இது.

பிறகு கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். பள்ளத்தாக்கு குறுகிவிட்டதால் கொள்ளளவும் குறைந்துவிட்டது. கீழே உள்ளவர்களுக்கு ஒரு போகத்துக்குத்தான் தண்ணீர் வரும். இரண்டாவது போகம் வேண்டுமென்றால் அணையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் தோட்டம் மூழ்கும். தேங்கும் நீர் எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாநிலத்து நிலத்திலும் ஏறி நிற்கும். அதற்கு அவர்கள் சம்மதிக்க வேண்டும்.

முடிவு அ: அணை தாழ்வாக. ஜெயம் சிரிக்கிறாள், கீழே ஒருவர்...

முடிவு ஆ: அணை உயரமாக. ஜெயத்துக்கு வேறு இடத்தில்...

இரண்டையும் அடித்துவிட்டேன்.

5

தனசேகரன் திரும்பி வந்தபோது மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்திருந்தது. ஜெயம் அந்த இடத்திலேயே குழி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எதுவும் முடிவாகலம்மா. இப்ப எதுக்குக் கன்னு வெக்கிறீங்க?"

"ரெண்டு கெவர்மெண்டும் பேசி முடிக்கிற வரைக்கும் மண்ணு சும்மா கெடக்கணுமா? நின்னுகினே இருக்கியே சார், அந்தக் கன்ன எடு."

எடுத்தான். குழியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டான்; அவள் மண்ணைத் தள்ளினாள். அவன் எப்படிப்பட்டவன் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

இதற்கு மேல் என்னால் முடியாது.

அணையின் உயரம்: ........ மீட்டர்.

நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். எந்த எண் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் போடுவதற்கு முன் தோட்டத்துக்குப் போய் அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். உங்கள் கையிலும் ஒரு கன்றைக் கொடுப்பாள். அதை நட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.