பிணை நின்றவனின் விண்ணப்பம்

சுபாஸ்கரன் தன் வாழ்க்கையில் இரண்டு தரம் மச்சானுக்கு முன்னால் குனிந்திருக்கிறான். தங்கை றஜனிக்குத் தாலி கட்டக் கஜீபன் வந்த அன்று, தோழனாக நின்று வாசலில் அவன் காலைக் கழுவி விட்டது முதல் தரம். கழுவியதற்குக் கஜீபன் இவன் விரலில் மோதிரம் போட்டான். அது முறை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்று வருடத்துக்கு முன். மாதத் தவணை லீசிங்கில் வான் வண்டி ஒன்று எடுக்கப் பிணைக்கு ஆள் வேண்டும் என்று கஜீபன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். இவனும் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைத்தான். தங்கையின் புருசனை நிற்க வைத்துவிட்டுக் கடுதாசியை வாசித்தால் மரியாதையா? எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்த மரியாதையால்தான் நாசமாய்ப் போகிறார்கள்.

இப்போது சுபாஸ்கரனுக்கு ஒரு கிறெடிட் காட் வேண்டியிருந்தது. பிரதேச சபைக் கிளார்க் ஒருவனுக்கு அது எதற்கு என்று கேட்கலாம். எட்டு வயது மகள் கோபிகாவுக்கு இரண்டு காதுக்கும் கருவி வேண்டும். காட் இருந்தால் கடையில் வட்டியில்லாமல் பன்னிரண்டு மாதத்தில் கட்டலாம். இல்லாவிட்டால் முழுக் காசையும் ஒரேயடியாக மேசையில் வைக்க வேண்டும், அது அவனால் முடியாது. பிந்தினால் பிள்ளையின் பேச்சும் மழுங்கிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஆகவே யார் யார் என்னென்ன சொன்னார்களோ அதையெல்லாம் செய்தான். சம்பளத்தைக் காட் கேட்கப்போகிற வங்கிக்கே மாற்றி ஆறு மாதம் பொறுத்தான். நாலு வங்கியில் ஒரே நேரத்தில் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்றார்கள், வேறெங்கும் போகவில்லை. சம்பளச் சிட்டை, சபையின் கடிதம், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக் கொடுத்தான். தன் பேரில் ஒரு சதம் கடன் இல்லை என்ற பெருமை வேறு.

வங்கிப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டாள். அவன் பேரில் ஒரு பிழையும் இல்லையாம். ஆனால் அவன் பிணை நின்ற வானுக்கு ஏழு மாதமாகத் தவணை கட்டப்படவில்லை, கடன் அறிக்கையில் அது அவன் பேருக்குக் கீழேயும் கிடக்கிறதாம். நிலுவையைக் கட்டி முடிக்க வேண்டும், அல்லது வானைக் கொம்பனியிடம் ஒப்படைத்துக் கணக்கை மூட வேண்டும். மூடிய கடிதத்தோடு வந்தால் விண்ணப்பத்தைத் திரும்பவும் மேலே அனுப்பலாம் என்று சொல்லி, லீசிங் கொம்பனியின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் கோபிகாவை ஏற்றிக்கொண்டு மோட்டார்சைக்கிளை நேரே நீர்வேலிக்கு விட்டான். தெருவிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போதே கஜீபன் வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது. உள்ளே போனால், சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு புதுப் பெட்டி. அதற்கு முன்னால் வெறும் மேலோடு கஜீபன். மத்தியானம் தின்ற ஆட்டிறைச்சி பல்லுக்குள் சிக்கியிருக்க வேண்டும். தவணை பிசகுவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்த தன் கிறெடிட் காட்டின் மூலையால் அதைக் கிளறிக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியும் அந்தக் கிறெடிட் காட்டில் வாங்கியதுதானாம். கிளறியெடுத்த துணுக்கைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான்.

வான் எங்கே என்று சுபாஸ்கரன் கேட்டான். கஜீபன் வெட்கமில்லாமல் கையைக் காட்டினான். லீசிங்காரர் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, பின்வளவு வாழைத்தோட்டத்துக்குள் விட்டுச் சருகால் மூடியிருந்தான். அதோடு விடவில்லை, புத்திமதியும் சொன்னான். வங்கியில் நிரந்தர வைப்பு ஒன்று போட்டு அதைக் காட்டிக் கேட்டால் உடனே காட் தருவார்களாம்.

"நிலுவையைக் கட்டும் கஜீபன். பிள்ளையின்ரை காதுக்காகக் கேக்கிறன்."

"இப்ப எங்கால காசு? கையெழுத்து வைச்சது நீர்தானே மச்சான். நான் கையைப் பிடிச்சு வைச்சனானே?"

இவன் காலையா கழுவினேன் என்று நினைத்தான். தன் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

றஜனி தேத்தண்ணி கொண்டு வந்தாள். கோப்பையைக் கொடுக்கிற சாட்டில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணை, வான் நிக்கிற கதையை வெளியில விட்டுடாதேங்கோ. எங்கடை மானம் போயிடும்."

அப்படியென்றால் இவளுக்கும் தெரியும். ஏழு மாதமும் தெரியும். பிள்ளைக்குக் கருவி எடுத்தாச்சோ என்று கிழமைக்கு ஒரு தரம் போனில் விசாரித்ததும் இவள்தான். கோப்பையை வாயில் வைக்காமலே மேசையில் வைத்தான்.

கோபிகா தொலைக்காட்சியோடு ஒட்டி நின்றாள். ஒலிபெருக்கிப் பெட்டியில் கன்னத்தை வைத்திருந்தவள், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"அப்பா, இஞ்சை எனக்குக் கேக்குது."

கஜீபன் தொடையில் தட்டிச் சிரித்தான். "பாத்தீரே? நெடுகக் கூட்டிக்கொண்டு வாரும். பிறகேன் மெசின்?" சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் கூட்டினான்.

சுபாஸ்கரன் மோதிரத்தைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, வங்கிப் பெண் தந்த இலக்கத்தை அழுத்தினான்.

"நான் பிணைகாரன் கதைக்கிறன். வான் நீர்வேலியில வாழைத்தோட்டத்துக்குள்ள நிக்குது. விலாசம் சொல்லுறன், எழுதுங்கோ."

குரலை ஒளிக்காமல், ஒவ்வொரு சொல்லாக, உரத்துச் சொன்னான். தொலைக்காட்சி போட்ட சத்தத்தில் உள்ளே ஒருவருக்கும் கேட்கவில்லை.