ஒரு வாய் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு லிஃப்டுக்குள் பிறந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் என் கைப்பையும் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும், அதன் மேலிருந்த சின்னத் துளைகளிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"பயப்... படாதீங்க. ஆள்... வந்துட்டிருக்காங்க. கதவை..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று பதறி, "கதவைத் தள்ளணுமா?" என்றேன். கை ஏற்கெனவே கதவில் இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. "நானே முடிச்சுக்கிறேம்மா," என்றார், கோபமே இல்லாமல். "கதவை... தொடாதீங்க."

கையை எடுத்துக்கொண்டேன்.

நிஜத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தக் குரலின் முகம் தெரியாது, வீடு தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. ஆகவே, அந்தக் குரலுக்கு வேலை கிடைத்துவிட்டதே, என் கதாநாயகருக்கும் கிடைத்துவிடும் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இவர் வேறு ஆள். இவருக்கு எதுவும் நடக்கலாம்.

2

தொடக்கங்கள்:

'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவளுடைய கைபேசி ஒலித்தது. மறுமுனையில்...' (வேண்டாம். என் நாவல்களில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன.)

'வாழ்க்கை என்பது ஒரு லிஃப்ட். சில சமயம் மேலே, சில சமயம்...' (எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.)

'ஆழமான குழிகளின் விளிம்பில் நின்றே காலம் கழித்த ஒரு லிஃப்ட் மெக்கானிக், ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, தன் தெரு முனையிலேயே ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். வாரை மாட்டவில்லை.'

இது இருக்கட்டும். தலையின் இடப்பக்கம் அடி. வலது கை பாதி ஒத்துழைத்தது. புத்தி முழுசாக இருந்தது. வார்த்தைகள் மட்டும், யாரோ அலமாரியை இடம் மாற்றி அடுக்கிவிட்டதுபோல, தேடிய இடத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, மிச்சம் வீட்டில்தான் என்று அனுப்பிவைத்தார்கள்.

3

அவருடைய மனைவியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. முதல் வரைவில் அவளை ஓயாமல் அழவிட்டேன். அவளுக்கு அது பொருந்தவே இல்லை. அவளை எழுப்பி, ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் நிறுத்தியதும் சரியாகிவிட்டாள்.

"அந்த நீளமா, மஞ்சளா..." என்று யாராவது தொடங்கினால் போதும், மாத்திரை அட்டை கவுன்ட்டரில் இருக்கும். இருமுபவரின் இருமலை வைத்தே எந்த மருந்து என்று தெரிந்துகொள்வாள். அந்தத் தெருவில் யாரும் அவளிடம் முழு வாக்கியம் பேசியதில்லை. அது அவள் கெட்டிக்காரத்தனம். அதில் அவளுக்கு நியாயமான கர்வமும் உண்டு.

(இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. என் நாவல்களில் காதலிப்பவர்கள் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைப்பார்கள். அதைவிட நெருக்கம் உண்டா என்று நானும் நம்பியிருந்தேன்.)

ஆகவே அவள் வீட்டிலும் அதையே செய்தாள். அவர் கையை நீட்டி "அந்த... அந்த..." என்பார். "கண்ணாடியா? சீப்பா? செருப்பா? ஃபேனைப் போடவா?" நாலாவதில் எப்படியும் பிடித்துவிடுவாள். கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் அம்மாவின் வாய்தான். மனைவியின் தம்பி ஒரு பஸ் கண்டக்டர், ஷிஃப்ட் முடிந்ததும் வந்து மாமாவைக் குளிப்பாட்டி, இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு படி ஏற்றி இறக்குவான். அவன் வாயைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேரும் சேர்ந்து அவர் நினைப்பதையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். வீட்டில் எந்தக் குறையும் இல்லை.

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். தேவையே இல்லையே. கண்ணால் காட்டினால் போதும்.

4

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எல்லோரையும் வேடிக்கை பார்த்தாள். பிறகு அவள் சொன்னதன் சாரம் இது: தேடுவதுதான் அவருக்கு மருந்து, நீங்கள் மூன்று பேரும் அதைத் தட்டிப் பறிக்கிறீர்கள், காத்திருங்கள்.

மனைவி அவளை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். (இங்கே அவள் மனதுக்குள் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். தன் கெட்டிக்காரத்தனமே கணவனின் வாயை அடைத்தது என்று தெரிந்த ஒருத்திக்கு, என் அலங்காரம் எதற்கு?)

காத்திருந்து பார்த்தார்கள். முடியவில்லை. அவர் "எனக்கு..." என்றால் மூன்று வாய்களும் தாமாகத் திறந்தன. கடைசியில் கண்டக்டர்தான் வழி கண்டுபிடித்தான்.

"அக்கா, நம்ம வாயை நம்பிப் பிரயோஜனம் இல்ல. தண்ணியை ஊத்தி அடைச்சிடுவோம்."

அன்று முதல் சாப்பாட்டு மேசையில் அது சட்டமானது. அவர் பேசத் தொடங்கியதும் எல்லோரும் ஒரு வாய் தண்ணீர் எடுத்து அடக்கிக்கொள்ள வேண்டும். அவர் முடிக்கும்வரை விழுங்கக் கூடாது.

நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று பேர், ஆறு உப்பிய கன்னங்கள், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல விரிந்த கண்கள். எதிரில் ஒரு மனிதர், உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு, வியர்த்து, உதடு துடிக்க, "உ... உள்... உ..." என்று போராடிக்கொண்டிருக்கிறார். சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். மனைவி தண்ணீரோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள். விழுங்க மாட்டாள்.

ஒருநாள் அவர் மேசையைச் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, "மூணு... தவளை," என்றார்.

தம்பிக்காரன் வாயிலிருந்த தண்ணீர் முழுவதும் அக்கா மகள் தலையில். அவர் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. யாரும் அதைச் சொல்லிக் கெடுத்துவிடவில்லை.

5

இப்போது மேனேஜர் வருகிறார். லிஃப்ட் கம்பெனியில் இவருடைய மேலதிகாரி, நல்ல மனிதர். குழிக்குள் இறங்கும் வேலை இனி இவருக்கு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவசர அழைப்புப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு, ஆள் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். கேட்டு வாங்கிய வாய்ப்பு இது. இதை விட்டால் வேறு இல்லை.

மேசையில் தண்ணீர் டம்ளர்கள். மேனேஜருக்கும் ஒன்று.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டதும், மூன்று பேரும் டம்ளரை எடுத்தார்கள்.

"இப்ப... கொஞ்சம்..."

"பரவாயில்லையா? நல்லது, நல்லது," என்று மேனேஜரே முடித்தார். "கை?"

"கை... இன்னும்..."

"சரியாகலையா? ஆயிடும், ஆயிடும்."

மனைவிக்கு உயிர் துடித்தது. இந்த ஆளைத் தடுக்க வேண்டும், ஆனால் வாய் நிறையத் தண்ணீர். டம்ளரை அவர் பக்கம் நகர்த்திக் கண்ணால் கெஞ்சினாள். உபசரிப்பு என்று நினைத்து மேனேஜர் மடக்கென்று குடித்துவிட்டு நன்றி சொன்னார். மகள் மறுபடி நிரப்பினாள். அதையும் குடித்தார். அவள் மூன்றாவது முறையும் நிரப்பிவைத்தாள்.

பிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. உள்ள மாட்டினவங்க பதட்டத்துல இருப்பாங்க. நீங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டா..."

தம்பிக்காரனிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. மகளிடம் அதைவிடக் காரமாக ஒன்று. மனைவியிடம் எல்லாவற்றையும்விடச் சிறந்தது இருந்தது, நாக்கு நுனியில், தண்ணீருக்கு அடியில். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நாங்கள் நால்வரும் அசையவில்லை.

அவர் தேடினார். இடது கை மேசை விளிம்பைப் பற்றியது.

"அவங்களால... எங்கயும்... போக முடியாது." நிறுத்தினார். மேனேஜர் வாயைத் திறந்து, ஏனோ மூடிக்கொண்டார். "நானும்... போக மாட்டேன்."

6

முடிவுகள்:

(அ) மேனேஜர் கண் கலங்கி அவரைக் கட்டிப்பிடிக்கிறார். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். அந்த மேனேஜர் கட்டிப்பிடிக்கிற ரகம் இல்லை.)

(ஆ) 'சொல்லி அனுப்புகிறேன்' என்று கிளம்பிவிடுகிறார். கதவு சாத்தப்படுகிறது. மூன்று பேரும்... (இல்லை. உலகத்தில் இது நடக்கும். என் கதையில் நடக்க விட மாட்டேன்.)

(இ) மேனேஜர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க. ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வச்சு ஆரம்பிப்போம்," என்றார். இதுதான் நடந்தது.

அவர் தலையசைத்தார். ஆனால் எழவில்லை. இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. மனைவியின் பக்கம் கையைக் காட்டி, மேனேஜரிடம் தொடங்கினார்.

"இவ..."

மூன்று பேரும் அவசரமாக டம்ளரை எடுத்தார்கள். மேனேஜர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் நிரப்பிக்கொண்டார். இந்த முறை விழுங்கவில்லை.

ஊரில் எல்லோருடைய பாதி வாக்கியத்துக்கும் மீதி தெரிந்தவள், கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் சொல்லிவிடுவார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கும் தெரியாது. முடித்துவைக்கத்தான் கை துறுதுறுக்கிறது, பழக்கதோஷம். அதனால் பேனாவை மூடிவிட்டு, பக்கத்திலிருக்கும் சொம்பிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை. அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

"இவ..."