தண்ணீர் விழாத வருஷத்து அருவி

அந்த வருஷம் சாரல் ஏமாற்றிவிட்டது. ஆனி போய் ஆடியும் பாதி கழிந்துவிட்டது. குற்றாலத்தில் மெயின் அருவி விழும் பாறை, எண்ணெய் காணாத தலைபோல வறண்டு கிடந்தது. லாட்ஜுகளில் சாவிகள் ஆணியை விட்டு இறங்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள்.

எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த எண்பத்திரண்டாம் வருஷத்தில், பக்கத்து ஊரான குத்துக்கல்வலசையில் ஆவுடைத்தாய் மட்டும் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் பலவேசம் மைக்செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைவிழா எதுவானாலும் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவான். அது சோற்றுக்கு. அவன் உயிர் வேறொரு பெட்டியில் இருந்தது. பழைய ரேடியோக்களைப் பிரித்து அவனே கட்டிய பெட்டி. ஆர்மோனியம்போலக் கட்டை கிடையாது, வீணைபோலத் தந்தி கிடையாது, நாலைந்து திருகுகள்தான். திருகினால் தூரத்தில் யாரோ சங்கு ஊதுவதுபோல ஒரு நாதம் எழும். மெல்லத் தடிக்கும், மெல்ல இளைக்கும், எப்போது நின்றதென்று தெரியாமல் நின்றுபோகும். அதோடு டேப்பில் பிடித்துவைத்த ஓசைகளைச் சேர்ப்பான். மடை திறந்த தண்ணீர், புளியமரத்துக் காற்று, குற்றால அருவி. டேப் நாடாவை வெட்டி வளையமாக ஒட்டி, ஒரு பக்கம் மெஷினிலும் மறுபக்கம் தரையில் நிறுத்திய பித்தளைச் செம்பிலும் மாட்டிவிடுவான். நாடா செம்பைச் சுற்றச் சுற்ற, அதே ஓசை திரும்பத் திரும்ப வரும். ஆவுடைத்தாயின் சீர்வரிசைச் செம்பு, கல்யாணமான வருஷமே அப்படித்தான் அடுப்படியை விட்டுப் போனது.

அருவியை டேப்பில் பிடித்த அன்று அவளும் கூடப் போயிருந்தாள். நல்ல சாரல். குடையை மெஷினுக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டான். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"எனக்குக் குடை வேண்டாமா?" என்று கேட்டாள்.

"ஒனக்குச் சளி பிடிச்சா கஷாயம் இருக்குட்டி. மெஷினுக்குச் சளி பிடிச்சா நான் எங்கன போவேன்?"

அவன் செய்வதை யாரும் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வானொலிக்காரர்கள் ராகம் என்ன, தாளம் என்ன என்று கேட்டார்கள். ரெண்டும் இல்லை என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு கொடையில், வில்லுப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் போட்டுப் பார்த்தான். "அண்ணாச்சி, மெஷின் ரிப்பேரா?" என்று ஒருவர் அக்கறையாக வந்து விசாரித்தார்.

ஆவுடைத்தாயிடம் ஒரு ரகசியம் இருந்தது. வீட்டில் அவன் பெட்டியைத் திருக ஆரம்பித்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். பகல் முழுக்கப் பட்ட எரிச்சல், முதுகுவலி எல்லாம் எங்கேயோ கரைந்து, உட்கார்ந்தபடியே கண் செருகிவிடும். முடிந்ததும் அவன் ஆசையோடு, "எப்படி இருந்தது?" என்று கேட்பான். "கண்ணை மூடிட்டுக் கேட்டேன்" என்பாள். கட்டிய பெண்டாட்டியே தூங்கினாள் என்று தெரிந்தால் மனுஷன் நொறுங்கிப்போவான் என்று பயம்.

இந்த நேரத்தில்தான் கீழப்பாவூரில் ரைஸ்மில் வைத்திருந்த அவள் அண்ணன் சுடலைமாடன் வந்து சேர்ந்தார்.

"மாப்ள, எத்தன வருசமா இந்தப் பெட்டிய உருட்டுதிய? மில்லுக்கு வந்திருங்க. எனக்கும் ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்."

பலவேசம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சாரல் விழாவுல லாட்ஜ்காரர் மஜீது பாய் எனக்கு அரைமணி நேரம் தாரேன்னுருக்காரு, மச்சான். நீங்களும் வாங்க. நாலு பேராவது கடைசிவரை உக்காந்து கேட்டாப் போதும். இல்லன்னா பெட்டியைப் பரண்ல போட்டுட்டு மறுநாளே மில்லுக்கு வந்திருதேன்."

ஆவுடைத்தாய்க்குத் தெரியாத மில்லா? அரவை மெஷின் ஓடினால் பக்கத்து ஆளிடம் கைச்சாடையில்தான் பேச வேண்டும். அண்ணனுக்கே இப்போது எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. குடத்தில் சொட்டு விழுந்தால் விழித்துக்கொள்கிற காது பலவேசத்துக்கு. அந்தக் காதை உமியோடு சேர்த்துக் கொட்டிவிட வேண்டியதுதானா?

சாரல் விழாவை வியாபாரிகள் சேர்ந்து நடத்தினார்கள். லாட்ஜ் வைத்திருந்த அப்துல் மஜீதுதான் தலைவர். சாரல் இல்லாவிட்டாலும் விழாவை நிறுத்தக் கூடாது என்று பந்தல் போட்டிருந்தார். பலவேசத்துக்கு அடுத்து வைத்திருந்த டான்ஸைப் பார்க்கத் தென்காசியிலிருந்தும் கூட்டம் வந்திருந்தது. முன்வரிசையில் சுடலைமாடன், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

பலவேசத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்பீக்கரை ஆட்களைப் பார்த்து வைக்கமாட்டான். அன்றும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களைப் பந்தலுக்குப் பின்னால் மரங்களுக்கிடையே கொண்டுபோய், மலையைப் பார்த்துத் திருப்பி வைத்தான். மலையில் பட்டு மெத்தென்று திரும்பி வர வேண்டும், எங்கிருந்து வருகிறதென்று தெரியக் கூடாது; அதுதான் அவன் கணக்கு. அறிவிப்பும் வேண்டாம் என்றுவிட்டான்.

அந்தி சாய்கிற நேரம். மேடை ஓரத்தில் செம்பைச் சுற்றி நாடா ஓடத் தொடங்கியது. முதலில் இருக்கிறதா இல்லையா என்பதுபோல ஒரு இரைச்சல். பிறகு அது வளர்ந்தது. அடியில் பெட்டியின் நாதம் மலையே மூச்சுவிடுவதுபோல எழுந்தது.

பேசிக்கொண்டிருந்த கூட்டம் அமைதியானது. ஆவுடைத்தாய்க்கு நெஞ்சு நிறைந்தது. கேட்கிறார்கள், எல்லோரும் கேட்கிறார்கள்.

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "ஏலே, அருவி விழுந்துட்டுலே" என்றான்.

அவ்வளவுதான். குற்றாலத்துக்காரனுக்கு அருவி இரைச்சல் கேட்டால் கால் நிற்காது. சோற்றில் வைத்த கையைக்கூட உதறிவிட்டுத் துண்டைத் தேடுவான். இரைச்சலும் அருவிப் பக்கமிருந்துதான் வந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன. சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடினார்கள். எண்ணெய்க்காரர்கள் பாட்டிலோடு ஓடினார்கள். சலங்கை கட்டிய டான்ஸ்காரப் பெண்ணும் ஜல் ஜல்லென்று ஓடினாள். எல்லோருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சுடலைமாடன் ஓடினார்.

பந்தலில் மிச்சமிருந்தது ஆவுடைத்தாய் ஒருத்திதான்.

பலவேசம் காலியான நாற்காலிகளைப் பார்த்தான். அவன் கை சுவிட்சுக்குப் போனது.

ஆவுடைத்தாய் மேடையேறி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதிய."

"யாருக்குட்டி போடணும்? ஒரு ஆள் இல்ல. நாளைக்கு மில்லுதான்."

"அவுக ஒங்க சத்தம் புடிக்காம போகல. அருவின்னு நம்பித்தான் ஓடுதாக. ஓடட்டும். நீங்க எனக்குப் போடுங்க."

அவன் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டான். நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போனவர்கள் திரும்பினார்கள், வெற்றுடம்போடு, காய்ந்த தலையோடு. "பாறையில காக்கா குளிக்கத் தண்ணி இல்ல" என்று ஒருவர் கத்திக்கொண்டே வந்தார். மஜீது பாய் மூச்சிரைக்க மேடையருகே வந்து நின்றார்.

"ஏம்வே பலவேசம், ஊரையே ஓட வச்சிட்டீரே. இதை நிறுத்துறீரா, இல்ல உம்மை நான் தூக்கவா?"

"முடிஞ்சிரும் பாய். கொஞ்சம் உக்காருங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

ஓடிவந்த களைப்பு. உட்கார்ந்தார். மற்றவர்களும் வசவைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் யார் காதும் கேட்காத இரைச்சல், தலைக்குமேல் பொழிந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை அடங்கிற்று. எண்ணெய்க்காரர் ஒருவர் பாட்டிலை மடியில் வைத்தபடி கண்ணை மூடினார். மஜீது பாயின் தாடி நெஞ்சில் படிந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு குறட்டை எழுந்தது; சுடலைமாடனுடையது.

பலவேசத்தின் முகம் இருண்டது. "தூங்குதாகட்டி."

அப்போதுதான் ஆவுடைத்தாய் சொன்னாள். "நானும் தூங்கத்தான் செய்தேன். கல்யாணமான நாள்லேருந்து. கண்ணை மூடிக் கேட்டேன்னது பொய்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நல்லா இல்லாமத் தூங்கலங்க. மனசுல கெடக்கிறதயெல்லாம் எறக்கி வச்ச மாதிரி இருக்கும். வேற எந்தப் பாட்டுக்கும் எனக்கு அப்படி வராது. ஒங்களுக்கு இது தெரியாமயே போச்சேன்னுதான் இப்பச் சொல்லுதேன்."

அவன் நெடுநேரம் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு ஒரு திருகைத் தொட்டு, நாதத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான், குழந்தை விழித்துவிடாமல்.

டான்ஸ் மிகத் தாமதமாகத்தான் தொடங்கியது. மறுநாள் காலையில் சுடலைமாடன் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மாப்ள, நீங்க மில்லுக்கு வரவேண்டாம். நாலு பேர் என்ன, அம்புட்டுப் பேரும் கடைசிவரை இருந்தாகளே. எழுப்பியில்ல விட வேண்டியிருந்தது."

மஜீது பாய் தன் லாட்ஜில் மத்தியானத் தூக்க நேரத்துக்குப் பெட்டியோடு வரச்சொல்லி அவனைக் கூப்பிட்டார். அடுத்த வருஷம் அருவி விழுந்தது, அப்போதும் விடவில்லை. அவன் நாதம் கேசட்டாக வந்ததும் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டுக்கு வாங்கினார்கள், ஒரு பல் டாக்டர் வாங்கினார். செங்கோட்டை பஸ் டிரைவர் ஒருவர் ஆசையாக வாங்கிப்போய், புளியரை மலை வளைவைத் தாண்டுவதற்குள் கண்டக்டர் பிடுங்கிவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். யாரும் கைதட்டவில்லை. பலவேசமும் அதற்குப் பிறகு எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் ஆவுடைத்தாய் கேட்டாள். "என் செம்பு எப்பத்தான் அடுப்படிக்கு வரும்?"

"அது உத்தியோகம் பாக்குதுட்டி. ஒனக்கு வேற வாங்கித் தாரேன்" என்று சொல்லித் திருகைத் திருப்பினான். வேறு செம்பு எப்போது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கண் செருகிவிட்டது.