யார் பனியன்

மூத்திரக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு செல்வகுமாரி உள்ளே வந்தபோது கட்டிலில் கிடந்த தம்பி அழுதுகொண்டிருந்தான். கால் வலிக்கிறதோ என்று பதறிக் கிட்டே போனாள். வலியெல்லாம் ஒன்றுமில்லை. நெஞ்சின் மேல் சாய்த்து வைத்திருந்த போனில் இந்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலேஜ் ஹாஸ்டல், மொட்டை மாடி, மழை. மூன்று பையன்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு "யார்... யார்..." என்று தேம்பினார்கள். அவர்களோடு சேர்ந்து தம்பி பாக்யராஜும் தேம்பினான்.

"இன்னாடா, யாரு யாருன்னு எவனத் தேடுறானுங்க?"

"அய்யோ கா! யார்னா இந்தியில ஃப்ரெண்டு. எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு?"

அவன் மூக்கை உறிஞ்சிவிட்டுப் படத்தைத் தொடர்ந்தான். செல்வகுமாரிக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. குடுவை நாற்றத்துக்கு அவள் பழகிப்போய் நாளாகிவிட்டது. இது அதனால் வந்த அருவருப்பு இல்லை.

ஆஸ்பத்திரியிலும் பிறகு பண்டசோழநல்லூர் வீட்டிலும் தம்பி பக்கத்திலேயே கிடந்ததில் இந்த மாதிரிப் படங்கள் அவளுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தன. எல்லாம் ஒரே அச்சு. காலேஜில் மூன்று பேர். ஒருவன் படிப்பான், ஒருவன் படிக்கமாட்டான், ஒருவன் கிதார் வைத்திருப்பான். பரீட்சையில் ஒருவன் தோற்றால் மற்ற இருவரும் வண்டியில் ஏற்றி மலைக்குக் கூட்டிப் போவார்கள். பெட்ரோல் யார் போட்டது என்று கேட்கக் கூடாது. அம்மா என்றொருத்தி டிபன் டப்பாவோடு ஒருமுறை வருவாள். அப்பா திட்டுவதற்கு வருவார், கடைசியில் கண் கலங்குவதற்கு இன்னொரு முறை வருவார். அக்கா இருந்தால் அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அதோடு அவள் வேலை முடிந்தது. ஒருத்தன் ஆஸ்பத்திரியில் விழுந்தால் நண்பர்கள் வராந்தாவில் ஓடுவார்கள், அவன் கண் விழிப்பான், பாட்டு வந்துவிடும். மலம் அள்ளுகிற ஆளை எந்தப் படத்திலும் அவள் பார்த்ததில்லை. சேதராப்பட்டுக் கம்பெனியில் பாட்டில் மூடி அடுக்கும் வேலைக்கு அவள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தது அந்த வேலைக்காகத்தான்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இவன் கால் உடைந்தது. கடைசி வருஷத்துக்கு வீடியோ எடுக்கிறோம் என்று பாகூர் ஏரிக்கரைக்கு ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள். பாக்யராஜ், வில்லியனூர் பிரிட்டோ, கடைத்தெருவில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் ஹமீது பாயின் மகன் ஷாரிக். காலேஜில் அவர்கள் மூவரும் ஒரே செட். பிரிட்டோவுக்கு டைரக்டர் ஆக வேண்டும். ஷாரிக்குக்கு இந்தி தெரியும் என்று பிரிட்டோ தானாகவே முடிவு கட்டிவிட்டான். "எங்க வூட்லயும் தமிழ்தான்டா, எங்க அத்தாவுக்கும் இந்தி வராதுடா" என்று ஷாரிக் எவ்வளவோ சொன்னான். யார் கேட்டது?

அன்று மூவரும் ஒரே மாதிரி கறுப்பு டீ சர்ட். செல்வகுமாரிக்கு அது பனியன்தான். நெஞ்சில் தமிழ் எழுத்தில் 'யார்' என்று அச்சடித்துத் தரச் சொல்லி பிரிட்டோ ஹமீது பாயிடம் கொடுத்திருந்தான். பாய் ஒழுங்கான மனுஷர், தமிழில் பிழை பொறுக்காதவர். வார்த்தைக்குப் பின்னால் பெரிதாக ஒரு கேள்விக்குறியும் சேர்த்து அடித்துக் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, "யாருன்னா கேள்விதானப்பா? குறி வுட்டுப்போச்சேன்னு நான்தான் போட்டேன்" என்றாராம். பையன்கள் சிரித்துவிட்டு, இதுவும் டிசைன்தான் என்று போட்டுக்கொண்டார்கள்.

ஏரிக்கரையில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்த தையலம்மாள் மேல் பைக் ஏறியது. அவளுக்கு இடுப்பு எலும்பு, இவனுக்குக் கால். மற்ற இருவருக்கும் சிராய்ப்பு. ஆபரேஷன் முடிந்து இவன் கண் விழிப்பதற்குள் ஓட்டியது பாக்யராஜ் என்று போலீசில் எழுதியாகிவிட்டது. வீட்டில் கேட்டதற்கு இவனும் ஆமாம், ஆடு குறுக்கே வந்தது என்றான். கேம்பஸில் கிடைத்திருந்த சென்னை வேலைக்குக் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். அப்பா மணவாளன் அன்றிலிருந்து கரும்புக் கொல்லையே கதியென்று கிடக்கிறார். வாக்குமூலம் வாங்க ஏட்டு இன்று வருவதாகச் சொல்லியிருந்தார். பாக்யராஜ் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது.

தையலம்மாளைப் பார்க்க செல்வகுமாரி ஒருநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். யாரென்று சொன்னதும் அந்தம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. சுவரைப் பார்த்தபடியே பேசியது.

"ஆடும் இல்ல, மாடும் இல்லம்மா. முன்னாடி குந்திகினு இருந்தவன் ரெண்டு கையையும் றெக்கையாட்டம் விரிச்சிகினு வந்தான். வானத்தப் பாத்துகினு வந்தான். கீழ ஒரு மனுசி நடக்கறது அவனுக்கு எங்க தெரியும்? பழத்த எடுத்துனு போ. அந்தக் கைய ஒரு நாளு இட்டாந்து காட்டு, போதும்."

அன்றிலிருந்து தம்பியின் கைகளைத் தொடவே செல்வகுமாரிக்கு அருவருப்பாக இருந்தது. துணி நனைத்து உடம்பு துடைக்கும்போது கையை மட்டும் அவசரமாகத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இந்தக் கைதானே விரித்தது என்று தோன்றும். கூடப் பிறந்தவனை இப்படி வெறுக்கிறோமே என்று அழுகை வரும். அழுதுகொண்டே வெறுத்தாள்.

வெயில் தாழ்கிற நேரத்தில் பிரிட்டோவும் ஷாரிக்கும் வந்தார்கள். விபத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எவனும் ஓடவில்லை. பிரிட்டோ கையில் கேக் டப்பா, தோளில் ஸ்டாண்டு. ஷாரிக் வெறுங்கையோடு வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டான். இருவரும் அதே பனியன்.

"மச்சான்!" என்று கத்திக்கொண்டு உள்ளே நுழைந்த பிரிட்டோ, வாசல்படியில் நின்று, "கட் கட், லைட்டு சரியில்ல" என்று வெளியே போய் மறுபடி "மச்சான்!" என்று நுழைந்தான். செல்வகுமாரி வாய் பிளந்து பார்த்தாள். இரண்டாம் முறை நுழைந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. பாக்யராஜும் முதல் முறை சிரித்தவன் இரண்டாம் முறை அழுதான்.

"உன் பனியன ஆஸ்பத்திரில கத்திரிச்சிட்டாங்கல்ல, புதுசு அடிச்சினு வந்துக்கறன் பாரு" என்று பிரிட்டோ தானே மாட்டிவிட்டான். இதிலும் கேள்விக்குறி இருந்தது.

"கிளைமாக்ஸ் மட்டும்தான் மச்சான் பாக்கி. மூணு பேரும் திரும்ப அதே வண்டில. போதும், தியேட்டரே அழுவும்."

தியேட்டர் என்றது காலேஜ் ஆடிட்டோரியத்தை. வண்டி, ஸ்டேஷனிலிருந்து மீட்டு வந்து, வளைந்த கம்பியோடு வாசலில் நின்றிருந்தது. நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் ஓடுகிற மாதிரி எடுத்துவிடலாம், பின்னால் கரும்பு மட்டும் தெரியும் என்றான் பிரிட்டோ. மாவுக்கட்டுக் காலோடு பாக்யராஜைத் தூக்கிப் போய் வண்டியில் உட்கார வைத்து, காலுக்கு அடியில் ஒரு முக்காலி போட்டார்கள். வலியில் அவன் பல்லைக் கடித்தான். கடித்துக்கொண்டே இளித்தான்.

"அக்கா, ஒரு ஹெல்ப்புகா. காத்து வேணும். அந்த ஃபேன எடுத்தாந்து மூஞ்சிக்கு நேரா பிடிக்கிறியா?" என்றான் பிரிட்டோ.

பிடித்தாள். இது எதுவரை போகிறதென்று பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, டேபிள் ஃபேனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றாள். பிரிட்டோ போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஓடி வந்து முன்னால் ஏறினான். ஷாரிக் பின்னால் ஏறினான். நடுவில் பாக்யராஜ்.

பிரிட்டோ முகத்தை அண்ணாந்து, இரண்டு கைகளையும் விரித்தான்.

முன்னாடி குந்திகினு இருந்தவன் என்று தையலம்மாள் சொன்னது செல்வகுமாரிக்கு நினைவு வந்தது.

"ஓட்டுனவன் பாக்யராஜ். அவன் ஏன்டா நடுவுல குந்திகினுக்கறான்?"

"அது ஃப்ரேமுக்காகக்கா" என்றான் பிரிட்டோ, கையை மடக்காமலே.

"அன்னிக்கும் இப்டித்தான்கா குந்தி இருந்தோம்" என்றான் ஷாரிக்.

வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். பிரிட்டோவின் கை மெல்லக் கீழே இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்தது. செல்வகுமாரி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் பிரிட்டோவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாக்யா, இவனா ஓட்டுனான்?"

"அவனுக்கு லைசென்ஸ் இல்லகா. எனுக்குத்தான் இருக்குது. நான் முழிச்சிப் பாக்கறதுக்குள்ள எழுதிட்டாங்க. அப்பறம் போயி மாத்தி சொன்னா அவன் கதி இன்னாவறது? ஃப்ரெண்டுகா."

"எழுதினவங்களுக்கு யாருடா சொன்னது?"

பிரிட்டோதான் திரும்பினான். பாடம் நடத்துகிறவன் குரலில் ஆரம்பித்தான்.

"நல்லா யோசிச்சுதான்கா சொன்னேன். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனான்னு போனா இன்சூரன்ஸ்ல தகராறு பண்ணுவாங்க. அந்தம்மாவுக்குந்தானே நஷ்டம்? நீ படம்லாம் பாக்கறதில்ல, அதான் உனுக்கு இது புரியல. ஃப்ரெண்ட்ஷிப்னா..."

"ச்சீ, வாய மூடு. அவன் உனுக்காக கேஸ வாங்கிகினான். நீ அவனுக்காக இன்னாடா வாங்கிகினு வந்த? கேக்கு!"

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யார் முகத்தில் துப்புவது என்பதில்தான் குழப்பம். ஊரை ஏமாற்றிவிட்டு அதையே படமாக எடுக்க வந்திருக்கிறானே, இவன் முகத்திலா? கூடவே விழுந்து எழுந்து, எல்லாம் தெரிந்தும் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தானே, அந்த ஷாரிக் முகத்திலா? இல்லை, தன் வேலையையும் பேரையும் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனில் அழுகிற இந்த மடையன் முகத்திலா? இத்தனை நாள் எந்தக் கையை அருவருத்துத் துடைத்தாளோ, அந்தக் கை பிரிட்டோவின் தோள் மேல் இருந்தது. அது ஒரு தப்பும் செய்யாத கை. அது தெரிந்த பிறகும் அவளுக்கு அதன் மேல் பிரியம் வரவில்லை. இன்னும் அங்கேயே பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று முன்னைவிட அதிகமாகக் குமட்டியது.

தெருமுனையில் புல்லட் சத்தம் கேட்டது. ஏட்டின் சிவப்புத் தொப்பி தெரிந்தது.

பிரிட்டோ வண்டியிலிருந்து குதித்தான். குதித்த வேகத்தில் ஸ்டாண்டை நோக்கி ஓடி, போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வேப்ப மரத்தின் அந்தப் பக்கம் போய், இந்த வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன் மாதிரி நின்றான். அவன் எகிறியதில் வண்டி ஆடியது. பாக்யராஜ் "ஆ" என்று கத்தினான். ஷாரிக் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஷாரிக் இறங்கவில்லை. இறங்குவான் என்று செல்வகுமாரி எதிர்பார்த்தாள். அவன் இறங்கவில்லை.

"அக்கா, எறக்கி வுடுகா" என்று பாக்யராஜ் குசுகுசுத்தான். "முன்னாடியாவது தள்ளி வுடு. கா... அவுரு வராரு கா."

மாவுக்கட்டுக் காலோடு அவனால் தானாக இறங்கவும் முடியாது, முன்னால் நகரவும் முடியாது. ஒருவர் தூக்க வேண்டும். நேற்று வரை தூக்கியது அவள்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, முகம் சுளிக்காமல் தூக்கியிருக்கிறாள்.

செல்வகுமாரி ஃபேனைக் கீழே வைக்கவில்லை.

ஏட்டு புல்லட்டை நிறுத்திவிட்டு வந்தார். வாசலில் நடு ஸ்டாண்டு போட்ட வண்டி, அதன் மேல் கட்டுப் போட்ட காலோடு ஒருவன், அவனைப் பிடித்துக்கொண்டு ஒருவன், எதிரே ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண். அவர் நின்று நிதானமாகப் பார்த்தார். பாக்யராஜின் நெஞ்சில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"யார்? இன்னா தம்பி, நான் கேக்க வேண்டியத நீயே எழுதி மாட்டிகினுக்கற?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்தார்.

"சரி, சொல்லு. வண்டி ஓட்டுனது யாரு?"

பாக்யராஜ் அக்காவைப் பார்த்தான். பிறகு வேப்ப மரத்தைப் பார்த்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பனியனின் ஓரம் மட்டும் தெரிந்தது. ஃபேன் காற்றில் அவனுடைய பனியன் நெஞ்சில் ஒட்டி ஒட்டி விலக, அந்தக் கேள்விக்குறி படபடத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் சீட்டில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. சாய்ந்த வெயில் அதன் மேல் நேராக விழுந்தது.