சிரிப்பு: பத்தேகால் முதல் பதினொன்று வரை

"ஒன்பதுக்கே கிளம்பணும்னு அட்டவணை போட்டு ஒட்டினேனா இல்லையா—"

"ஒட்டுனீங்க, ஃபிரிட்ஜ் மேல ஒட்டுனீங்க, நெல்லு காயற ரோட்டுல ஒட்டலையே—"

"நடுவுல பேசாத மதி!"

"நடுவுலதான் நிக்கிறோம். முன்னாடி நெல்லு, பின்னாடி லாரி."

மதிவதனி சொன்னது சரிதான். மன்னார்குடி தாண்டியதும் குறுக்குவழி என்று அவள் கணவன் புகழேந்தி காரைத் திருப்பிய ஊர்ச்சாலையில், இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் குறுவை நெல் பரப்பியிருந்தார்கள்.

புகழேந்திக்குத் துபாயில் வேலை. இருபது நாள் விடுப்பில் வந்தவன், மகிழ்ச்சிக்கும் அட்டவணை போட்டிருந்தான். நாளைக் காலை திருச்சியில் விமானம். இன்றைய வரி: '10.15 – 11.00, பிள்ளைகளோடு மனம்விட்டுச் சிரித்தல். இடம்: தஞ்சாவூர் ஸ்டுடியோ.' சட்டைகூட நால்வருக்கும் ஒரே நிறம்.

பரிதிக்கு நாலு வயசு, சாக்லேட்டிலேயே அப்பாவோடு சேர்ந்துவிட்டான். ஆறு வயசுக் குந்தவைதான் பிடி கொடுக்கவில்லை. புகழேந்தி என்ன கேட்டாலும் பதில் அம்மாவுக்குத்தான் போயிற்று. அவள் ஒரு தடவை தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போதும், நிம்மதியாக விமானம் ஏறிவிடுவான்.

"குந்தவை, அப்பா ஒரு ஜோக் சொல்லவா?"

"அம்மா, வேணாம்னு சொல்லும்மா."

தூறல் விழுந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரி நாகம்மாள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"தம்பி, எறங்கி ஒரு கை குடுப்பா."

"எங்களுக்கு ஸ்டுடியோவுல டைம் குடுத்திருக்காங்கம்மா…"

"நெல்லை அள்ளாம வண்டி எங்க போவும்? இந்தக் கயித்தப் பிடி. புள்ளைங்களப் பலகையில ஏத்து, கனம் பத்தல."

நெல்லை இழுத்துக் குவிக்கிற பலகை அது. பிள்ளைகள் இருவரும் அதில் ஏறிக்கொள்ள, மடிப்புக் கலையாத சட்டையோடு புகழேந்தி இழுத்தான். நாலே எட்டு, கால் வழுக்கி நெல்லில் உட்கார்ந்தான்.

"அம்மா, மாடு விழுந்துடுச்சு!" என்று பரிதி கத்தினான்.

"எங்க வீட்டு மாடும் இப்படித்தான். பாதி வேலையில உக்காந்து யோசிக்கும்" என்றாள் நாகம்மாள்.

குந்தவைக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"ஏ மாடு, எந்திரி! வேகமா இழு!"

அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மதி, போனை எடு! குந்தவை, அப்படியே இரு. முதல்லேருந்து வருவோம். அப்பா விழறேன், நீ சிரி."

"இப்ப மணி பத்தே முக்காங்க. உங்க கணக்குப்படி இன்னும் கால்மணி நேரம் சிரிக்கலாம்" என்றாள் மதிவதனி. போனை எடுக்கவில்லை, கூடையோடு நெல்லுக்குள் இறங்கியிருந்தாள்.

மழை வலுத்தது. குந்தவை பலகையிலிருந்து குதித்து, நெல்லை மூடுகிற படுதாவின் முனையை இழுத்துவந்து அவன் கையில் திணித்தாள்.

"படமெல்லாம் நாளைக்கு எடுத்துக்கலாம்ப்பா, இப்ப இதைப் பிடி!"