பாதி மீசையில் நின்ற வழக்கு

சலூன்காரர் உலகத்தைக் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகியவர். அன்று காலை ஒருவனுக்கு மீசையின் இடது பாதியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடிக்குள், கடை வாசலில், அவருடைய ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சந்தையில் திருடு போன அதே வண்டி. சீட்டுக்கு அவர் மனைவி பழைய திரைச்சீலையில் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். வேறு எந்த வண்டிக்கும் அந்தக் கொடுமை நேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

“வாசல்ல நிக்கிற வண்டி யாருது?”

“என்னுதுதாங்க” என்றான் நாற்காலியில் இருந்தவன், கண்ணை மூடியபடியே.

“இல்ல, என்னுது.”

அவன் கண்ணைத் திறந்தான். கத்தி மூக்குக்குக் கீழே நின்றது. ஊரில் இத்தனை சலூன் இருக்க, மகராசன் தேடிப்பிடித்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

பக்கத்து நாற்காலியில் சலூன்காரருடைய மனைவியின் அண்ணன். போலீஸ் ஏட்டு. தலை முழுக்க டை அப்பி, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் துணியுடன் இருந்தார். கழுவ இன்னும் இருபது நிமிஷம் ஆகும். அப்படியே துள்ளி எழுந்தார்.

“மாப்ளே, இவனை இப்படியே ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறேன். பாதி மீசையை ஊரே பாக்கட்டும். அப்பதான் புத்தி வரும்.”

“தாராளமா கூட்டிட்டுப் போங்க மச்சான்” என்றார் சலூன்காரர். இரண்டு வாரம் நடந்தே கடைக்கு வந்த கோபம் அது. ஆனால் சொன்ன மறுகணமே அந்தப் பாதி மீசையைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டேஷனில் எல்லோரும் முதலில் கேட்கப்போவது, இந்த லட்சணத்தில் வேலை பார்த்த சலூன் எது என்றுதான். அரைகுறை முகத்தை அவர் இதுவரை வாசல் தாண்ட விட்டதில்லை.

“கொஞ்சம் இருங்க. முடிச்சுக் குடுத்துடறேன்.”

வலது பாதியில் நுரை தடவிக்கொண்டே கேட்டார்:

“வண்டியை எதுக்குடா எடுத்தே?”

“எங்க பக்கம் வர்ற பஸ்ஸை நிறுத்திட்டாங்க. நடந்து போனதுல மூணு நாள் வேலைக்கு லேட்டு. வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அடுத்த வேலைக்காவது நேரத்துக்குப் போகணும்னு...”

“இன்னிக்கு எங்க கிளம்பினே?”

“பதினொரு மணிக்கு இன்டர்வியூ. வாட்ச்மேன் வேலைக்கு.”

ஏட்டு சிரித்த சிரிப்பில் டை நெற்றியில் வழிந்தது. துடைத்துக்கொண்டே கேட்டார்: “பூட்டை எப்படி உடைச்சே?”

“உடைக்கலைங்க. சாவி வண்டியிலேயே இருந்துச்சு.”

கத்தி நின்றது. பூட்டை உடைக்கும் பயங்கரக் கும்பல் ஒன்று ஊருக்குள் வந்திருக்கிறது என்று சலூன்காரர் மனைவியிடம் இரண்டு வாரமாகக் கதை அளந்துகொண்டிருந்தார்.

“மாப்ளே, தங்கச்சிகிட்ட கும்பல்னு சொன்னீங்களே?”

“உங்க முடி பிறவியிலேயே கறுப்புன்னு நீங்க ஸ்டேஷன்ல சொல்லலையா மச்சான்?”

கண்ணாடிக்குள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலே யோக்கியன் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. மிச்ச மீசையும் போய், வழுவழு முகத்துடன் உட்கார்ந்திருந்தவன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சலூன்காரருக்கு அவன் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது.

“உன்னை உள்ள தள்ளினா எனக்கு என்ன கிடைக்கப் போகுது? வண்டிதான் வந்துடுச்சே” என்றார். “வா, நானே இன்டர்வியூவுக்குக் கொண்டுபோய் விடறேன். முடிஞ்சதும் நேரா என் வீட்டுக்கு வரணும். ரெண்டு வாரமா என் வீட்டுக்காரியும் நடந்துதான் போறா. அவகிட்ட மன்னிப்புக் கேளு.”

“அக்காகிட்ட என்னன்னு சொல்லட்டுங்க?”

கும்பல் என்றே சொல் என்பது சலூன்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

“நடந்ததைச் சொல்லு. சாவியையும் சேத்து.”

“அப்ப என் தலை?” என்றார் ஏட்டு.

“பக்கெட்ல தண்ணி இருக்கு மச்சான்.”

வேலை கிடைத்தது. மாலையில் வந்து, அவன் ஒன்றையும் விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் நின்றபடியே கேட்டாள். கணவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரே ஒரு டீ வந்தது. அது திருடனுக்கு.

அவள் முதுகு திரும்பியதும், அவன் டம்ளரைச் சலூன்காரர் பக்கம் நகர்த்தி வைத்தான்.