எண்பத்தேழில் ஒரு பங்கு தையல்காரி

என் கணவர் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசுகளில் முத்திரை குத்தியதால் தெருவில் அவருக்கு 'முத்திரை' என்றே பெயர். ஓய்வு பெற்ற மறுநாள் குத்துவதற்கு எதுவும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் போல அப்படிப் பார்த்துவிட்டு ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்தார். அப்பாடா என்று நானும் இருந்துவிட்டேன். அந்த ஒரு அப்பாடாவில் என் முன்னறை போய்விட்டது.

முன்னறைதான் என் தையல் அறை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். கறுப்பு நூலையும் கருநீல நூலையும் பிரித்துக் காட்டுகிற வெளிச்சம் இந்த வீட்டில் வேறெங்கும் கிடையாது. பத்தொன்பது வருஷம் அங்கே உட்கார்ந்து தைத்தேன். வெளிக்கதவில் 'தையலகம்' என்று நீளமான மரப்பலகை தொங்கியது. ரயில் வந்த ஒரு மாதத்தில், நான் மிஷினை மிதித்தால் தரை அதிர்ந்து ரயில் தடம் புரள்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். எங்கள் தெருக்கோடியில் நிஜ ரயில் ஒரு நாளைக்கு எட்டு முறை போகிறது. அதற்கெல்லாம் அதிராத தரை என் மிஷினுக்கு மட்டும் அதிர்ந்தது.

ரயிலை வேறு அறைக்குக் கொண்டுபோகலாமே என்றேன். தண்டவாளத்தை நகர்த்த முடியாது, மிஷினுக்குத்தான் சக்கரம் இருக்கிறது என்றார். மிஷின் சமையலறைக்குப் போகிற இருட்டு நடைக்கு வந்தது. ஆட்கள் வந்து கதவைத் தட்டினால் கை நடுங்குகிறது என்று பலகையையும் 'கொஞ்ச நாளைக்கு'க் கழற்றினார். கொஞ்ச நாள் என்பது இரண்டு வருஷம் ஆயிற்று. நடையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைத்ததில் ஒருத்தியின் கருநீல ஜாக்கெட்டுக்குக் கறுப்பு நூல் போட்டுவிட்டேன். அவள் அதற்குப் பிறகு வரவில்லை. மற்றவர்கள் நான் தொழிலை விட்டுவிட்டதாக முடிவு கட்டி, வழியில் பார்த்தால் ஓய்வு எப்படிப் போகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்றவர் அவர், விசாரிப்பு எனக்கு.

முன்னறையில் பன்னிரண்டடிக்கு நாலடி மேசை ஒன்று எழும்பியது. அறைக்குள்ளேயே வைத்து அறைந்த மேசை. ஊரார் தராசை எல்லாம் அளந்தவருக்கு வீட்டுக் கதவை அளக்கத் தோன்றவில்லை. மேலே மலை, சுரங்கம், பாலம் எல்லாம் ஏறிய பிறகு அதை எந்தப் பக்கம் சாய்த்தாலும் வாசல் வழியே வெளியே வராது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டாக அறுக்க வேண்டும்.

ரயிலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ரயில் போகிற பக்கம் ஒரு தெரு வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதுவும் எங்கள் தெருவே வேண்டும். எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறடி ஆள் இரண்டு சென்டிமீட்டர். இதற்குக் கூட்டாளி பல் டாக்டர். பொய்ப்பல் செய்கிற பசையில் மனிதர்களைச் செய்து, பல்லைக் குடைகிற ஊசியால் மூக்கும் முழியும் செதுக்கினார். எங்கள் தெரு ஜனங்கள் மொத்தமும் பொய்ப்பல்லால் ஆனவர்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. பேக்கரிக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தன் தொப்பையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அளவில் சமரசம் இல்லை என்று சொல்லிவிட்டார் முத்திரை.

சாமான்கள் மட்டும் எங்கிருந்து வந்தன என்கிறீர்கள்? மின்கம்பி என் கறுப்பு நூல். விளக்குக் கம்பம் என் பெரிய ஊசி. குழியில் தேங்கிய தண்ணீர் என் நகப்பூச்சு. பஸ்ஸின் மேல் படிந்த புழுதி என் முகப் பவுடர். துணி தவிர வேறெதிலும் படாத என் கத்தரிக்கோலை எடுத்துத் தகரத்தை வெட்டி ஒரு வேன் செய்திருந்தார். எந்தத் தையல்காரியிடமும் கேட்டுப் பாருங்கள், அதற்குக் கொலையே செய்யலாம் என்பாள். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். வீடு அமைதியாக இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஒருநாள் நூல் சுற்றுகிற பாபின் ஒன்று உருண்டு மேசைக்கடியில் போய்விட்டது. குனிந்து தேடியபோது பார்த்தேன். பேக்கரி நிற்கிற பக்கத்துக்கு முட்டுக்கொடுத்துக் குறுக்கே ஒரு பலகை. எழுத்து கீழ்ப்பக்கமாக, 'தையலகம்'. நாலு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். பலகை எங்கே என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது என்பார். பொய் இல்லை. ஒரு தெருவையே தாங்கிக்கொண்டு பத்திரமாகத்தான் இருந்தது.

இதைவிட வேடிக்கை மேலே. பொம்மைத் தெருவில் எங்கள் வீட்டையும் வைத்திருந்தார். அதன் கதவில் நகத்தளவுகூட இல்லாத பலகை, ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதிய 'தையலகம்'. ஜன்னலுக்குள் ஒரு குட்டி மிஷின், அதன்மேல் குனிந்தபடி ஒருத்தி. அவள் தலைக்குமேல் அரிசியளவு பல்பு. அந்தத் தெருவிலேயே விளக்கு எரிகிற வீடு அது ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். பல் டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"அது இல்லேன்னா தெருவே செத்துப்போயிடும்" என்று அவர்களிடம் என் கணவர் சொல்வதை நடையில் உட்கார்ந்து, நாற்பது வாட் வெளிச்சத்தில் ஊசி கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் போட்டி வந்தது. ரயில் பொம்மைக்காரர்கள் சங்கம் நடத்துகிற போட்டியில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு பிரிவு. பொம்மைத் தெருவும் நிஜத் தெருவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நடுவர் நேரில் வந்து இரண்டையும் ஒப்பிடுவார். விதித்தாளை நான் இரண்டு முறை படித்தேன். ஜன்னலில் தையல்காரி என்றால் நிஜ ஜன்னலிலும் தையல்காரி இருக்க வேண்டும். அவள் அங்கே உட்கார மேசை போக வேண்டும். இத்தனை நாள் நான் கெஞ்சியும் சண்டை போட்டும் நடக்காததை ஒரு விதித்தாள் நடத்திவைக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அந்த வாரம் அவர் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. தெருவில் இருக்கிற குழி காய்ந்துவிட்டது, பொம்மையில் தண்ணீர் இருக்கிறதே என்று தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் காற்றில்லாமல் கிடந்த வேனுக்குப் புது டயர் மாட்டியிருந்தார். முத்திரை போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குப் பழைய டயரையே போடவைத்தார். விளக்குக் கம்பத்தடியில் நாய் நிற்க வேண்டும் என்பதால் நாய்க்கு மூன்று வேளையும் பிஸ்கட். பேக்கரிக்காரரிடம் மட்டும் பருப்பு வேகவில்லை. உடம்பு இளைக்க நடக்கப் போகாதீர்கள் என்று சொன்னதற்கு அவர் கதவைச் சாத்திவிட்டார்.

நடுவர் வருவதற்கு முந்தின நாள், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டேன். நாற்பத்திரண்டு ஐட்டம் எழுதிய தாளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்தார். ஒன்றும் விடவில்லை என்றார். தெரு முழுக்க அளந்தவர் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவர் பாலங்களுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனிதர். பூதக்கண்ணாடியோடு மேசையை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி நடந்தார். குழியில் தண்ணீர், சரி. வேன், சரி. நாய் பிஸ்கட்டுக்காக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, அதுவும் சரி. கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தார். கதவில் பலகை இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மலையின் முதுகு தெரிந்தது, சுண்ணாம்பும் காகிதமுமாக.

தையல்காரி எங்கே என்று கேட்டார். என் கணவர் திரும்பினார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் பூதக்கண்ணாடி இல்லாமல் அவர் ஒன்றை உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். இன்னிக்கு லீவுன்னு சொல்லுங்க அண்ணி என்று பல் டாக்டர் என் காதருகே முணுமுணுத்தார். சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"தையல்காரி இருந்தாங்க" என்றேன். "ரெண்டு வருஷமா அந்த ஜன்னலுக்குப் பின்னாடி ரயில்தான் ஓடுது."

நடுவர் எழுதிக்கொண்டார். மற்றதெல்லாம் பிரமாதம், முதல் பரிசுக்குத் தகும், இந்த ஒரு பிசகை மட்டும் சரிசெய்யுங்கள், சனிக்கிழமை மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் டேப்பை எடுத்தார். மேசையை அளந்தார், கதவை அளந்தார், ஜன்னலை அளந்தார். தொட்டிலுக்கு இடம் பார்க்கிற தகப்பன்கூட அவ்வளவு பொறுப்பாக அளந்திருக்க மாட்டான். நாளைக்குச் சரி பண்ணிடறேன் என்றார். நான் நடைக்குப் போய் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். புது ஊசி மாட்டினேன். ஜன்னலுக்கு எந்தத் திரை போடலாம் என்றுகூட யோசித்தேன், அந்த அசட்டுத்தனத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார். போனேன். மேசை போட்டது போட்டபடி இருந்தது. நிஜ ஜன்னலைச் சாத்திவிட்டு, பொம்மை வீட்டின் ஜன்னலுக்கும் பழுப்பு நிறத்தில் கதவு போட்டு மூடியிருந்தார். பல்பை அணைத்திருந்தார். கதவில் இருந்த குட்டிப் பலகையைச் சுரண்டி எடுத்து, சுரண்டிய இடம் தெரியாமல் வர்ணமும் பூசியிருந்தார். தையல்காரி மேசை ஓரத்தில் ஒரு பட்டன் டப்பா மூடியில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையும் மிஷினை நோக்கி நீட்டியபடி, மிஷின் இல்லாமல்.

"ஒரே இழுப்புல வந்துடுச்சு, பசைகூட ஒட்டல" என்றார். "இப்ப சரியா இருக்கா, பாரு."

சரியாகத்தான் இருந்தது. உள்ளது உள்ளபடி இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வந்தது ஆத்திரம். நாலு திருகாணியைக் கழற்றினால் தீருகிற ஆத்திரம்.

திருப்புளியை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் போனேன். என்ன தேடறே என்றார். பாபின் என்றேன். நாலாவது திருகாணி கழன்றதும் பலகை என் மடியில் விழுந்தது. மேலே தெரு ஒரு விரற்கடை இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த ரயில் பேக்கரிப் பக்கம் சரிந்து, மூன்று பெட்டியோடு பேக்கரிக்காரரின் தொப்பையில் போய் இடித்து நின்றது. ஜனங்கள் யாரும் விழவில்லை. பல் டாக்டரின் பசை நல்ல பசை.

அவர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. ரசமட்டத்தை எடுத்துத் தெருவின்மேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். தெரு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டார். பிறகு பரணிலிருந்து, தானே முத்திரை குத்திய பழைய ஐந்து கிலோ படிக்கற்களை இறக்கி அடியில் அடுக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் நான் பலகையைத் துடைத்துக் கதவில் மாட்டினேன். மிஷினுக்குத்தான் சக்கரம் இருக்கிறதே. நடையிலிருந்து தள்ளிக்கொண்டு போய் வெளியே, ஜன்னலுக்கு நேர் கீழே தெருவோரம் போட்டேன். வெளிச்சம் முன்னறையைவிட நன்றாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி பழைய கருநீல ஜாக்கெட்டுக்காரி.

சனிக்கிழமை நடுவர் வந்தார். முதலில் உள்ளே போய்ப் படிக்கற்களின்மேல் நிமிர்ந்து நின்ற தெருவைப் பார்த்தார். மூடிய ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டியதாகப் பல் டாக்டர் பிறகு சொன்னார். பிறகு வாசலுக்கு வந்தார். தலைக்குமேல் பலகையோடு நான் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். உள்ளே இந்த அம்மாவைக் காணோமே என்று என் கணவரிடம் கேட்டார்.

அவர் என் பக்கம் குனிந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அந்தப் பொம்மை எங்கே? குடு, அஞ்சு நிமிஷத்துல ஒட்டிடறேன்."

அவள் என் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு நடுவே படுத்திருந்தாள். நான் தையலை நிறுத்தவில்லை.

"அவங்க வேலை நேரத்துல வரமாட்டாங்க" என்றேன். "தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."